அரிசிமாவில் ஒரு நன்மை

ஜனவரி 14

இன்றைக்கும் கேக் பொங்கவில்லை.

கேழ்வரகு மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பால், வீட்டுக் கோழி இட்ட முட்டை. மணத்துக்கு மட்டும் குறைவில்லை. அடுக்களையிலிருந்து கிளம்பி, என் மனைவி ஜோஸ்னாவின் தையல் மெஷினை ஒரு சுற்று சுற்றி, முற்றத்து வாழை வரைக்கும் போய் நின்றது. நானும் அதன் பின்னாலேயே போய் வாழைமூட்டில் நின்றுவிட்டேன். ஜோஸ்னா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "சொப்பனம் கண்டது போதும். வந்து வெட்டுங்க."

அபி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "அப்பா, இது செங்கல்லு ஆக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. ஒரு மூலையைக் கடித்துக்கொண்டு, "மூலை கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள். ஒன்பது வயதில் அப்பனைத் தேற்றுகிற பிள்ளை.

வெட்கமாக இருக்கிறது. பாறசாலை ஜங்ஷன் பேக்கரியில் ரொட்டியும் பப்ஸும் பன்னும் சுடுகிறவன் நான். அந்த அடுப்புக்கூடத்தை போர்மா என்போம். என் வாலிபம் அங்கேதான் கழிந்தது. மைதா என் கைக்குப் பழகின நாய்க்குட்டி மாதிரி. இழுத்தால் வரும், விட்டால் சுருண்டு படுக்கும். கேழ்வரகு அப்படியில்லை. அதற்கு ஒட்டத் தெரியாது. ஒவ்வொரு பொடியும் தனித்தனியாக ரோஷத்தோடு நிற்கிறது.

ஆனால் அபிக்கு மைதா விஷம். போன ஓணத்துக்கு அவள் மெலிந்து, தலைமுடி கொட்டி, எந்நேரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சொன்னார், சீலியாக். ஆயுசுக்கும் கோதுமை கூடாது. மைதா, ரவை, சேமியா ஒன்றும் கூடாது, ஒரு பொட்டுகூட. குடல் ஆறி வரும்வரை வெள்ளைச் சீனியும் வேண்டாம். "அப்பனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஜனவரி 19

சொப்பனம். பாறசாலை ரயில் நிலையத்தில் பனி பெய்கிறது. நான் பனியைக் கண்டதே இல்லை. இருந்தும் சொப்பனத்தில் நன்றாகத் தெரிந்தது, பனிதான். நாகர்கோவில் பாசஞ்சர் வெள்ளை வெளேரென்று சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் எல்லாரும் வெள்ளை. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அபி தலையை அண்ணாந்து நாக்கை நீட்டிக்கொண்டு ஓடுகிறாள். அப்போதுதான் தெரிந்தது. பனியில்லை, மைதா.

கத்தினேன். குரல் வரவில்லை. ஜோஸ்னா எழுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 1

பெருங்கடவிளைச் சந்தையில் புஷ்பபாய் அக்கா கூவைக்கிழங்கு வைத்திருந்தார். எனக்காகவே வைத்ததுபோல, கடைசிக் குவியல். வீட்டில் கொண்டுவந்து சீவி, அரைத்து, துணியில் பிழிந்து, வெள்ளத்தில் கலக்கி வைத்தேன். முதலில் கலங்கல். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே வெள்ளம் பைய பையத் தெளிகிறது. அடியில் ஒரு வெண்மை வந்து படிகிறது, யாரோ உறங்கப் போவதுபோல. வெள்ளத்தை ஊற்றிவிட்டு மறுபடி புது வெள்ளம். மறுபடி தெளிவு. மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. போர்மாவில் ஒருநாளும் இப்படி மாவைப் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. அங்கே சாக்கைப் பிரித்தால் மாவு. அது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

பிப்ரவரி 3

பொங்கியது! பொங்கியது!

அரிசிமாவு, கூவைமாவு, பழுத்துக் கறுத்த நேந்திர வாழை, எங்கள் ஏத்தம்பழம், கருப்பட்டி, புளித்த கள்ளு ஒரு தம்ளர். ("கள்ளுக்கடைக்குப் போறதுக்கு நல்லொரு காரணம் கிட்டியாச்சு" என்று ஜோஸ்னா.) பாத்திர விளிம்புக்கு மேலே வந்து, தவிட்டு நிறத்தில், தொட்டால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. அபி ஒரு துண்டு எடுத்தாள். தின்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். அதையும் தின்றாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பிப்ரவரி 9

பூசை முடிந்ததும் வேதபாடம் எடுக்கும் செல்லபாய் டீச்சர் பெயர் வாசித்தார். இந்த வருஷம் புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளில் அபியும் உண்டு. மே நான்காம் தேதி, ஞாயிறு. பிள்ளைகள் கை தட்டினார்கள். தாய்மார் அங்கேயே ஜோஸ்னாவைச் சூழ்ந்துகொண்டார்கள், வெள்ளை ஃபிராக்குக்கு அளவெடுக்க. ஜோஸ்னாவின் முகம் அப்படி மலர்ந்து ஓணத்துக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அபி எங்கள் இருவருக்கும் நடுவில். காதருகில் வந்து கேட்டாள்: "அப்பா, நன்மை என்ன மாவுல செய்யியது?"

ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

பூசையில் அச்சன் நாக்கில் வைத்துத் தருகிற அந்த வெள்ளை அப்பத்தை நாங்கள் நன்மை என்கிறோம். பிள்ளை அதை முதல்முறை வாங்குவது புதுநன்மை. சிறுவயதிலிருந்தே வாங்குகிறேன். ரொட்டிக்காரன் வேறு. ஒருநாளாவது கேட்டேனா, இது என்ன மாவு என்று? கேட்க என்ன இருக்கிறது. நாக்குக்குத் தெரியுமே.

கோதுமை.

ஜோஸ்னா பின்னாலிருந்து, "எடுங்க வண்டிய. வெயிலடிக்கி" என்றாள். குரல் மாறியிருந்தது.

பிப்ரவரி 12

நிஜின் அச்சனைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னைவிட இளையவர். பள்ளிமேடையில், அதாவது தேவாலயத்தை ஒட்டின அச்சன் வீட்டில், செடிக்கு வெள்ளம் ஊற்றிக்கொண்டு நின்றார். எல்லாம் சொன்னேன். குழாயை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

"அரிசியில ஒண்ணு செஞ்சு தாறேன் அச்சோ. நான் ரொட்டிக்காரனாக்கும். பாத்தா வித்தியாசமே தெரியாது."

"பிஜு, கோதுமையும் வெள்ளமும் தவிர வேற ஒண்ணும் கூடாது. அது சபைக்க சட்டம். மாத்த நான் ஆளில்ல."

வெளிநாட்டில், கோதுமையில் அபிக்கு ஆகாத சத்தை ஏறக்குறைய முழுக்க நீக்கின அப்பம் செய்கிறார்களாம், வரவழைக்கலாம் என்றார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். இந்த நிலைமையில் அதுவும் வேண்டாம் என்றுவிட்டார்.

அப்படியானால் அப்பத்துக்குப் பதில் பூசையின் திராட்சைரசம் மட்டும் வாங்கலாம் என்றார் அச்சன். அதற்கு மறைமாவட்ட ஆயரிடம் கேட்க வேண்டும், கேட்கிறேன் என்றார். "ரசத்துலயும் ஆண்டவரு முழுசா உண்டு, பிஜு. பாதி இல்ல."

சரி என்று வந்துவிட்டேன். வழியில் நினைத்தேன். எல்லாப் பிள்ளையும் நாக்கை நீட்டி நிற்கும். என் பிள்ளை மட்டும் கிண்ணம் பிடித்துக்கொண்டு நிற்கும், மருந்து குடிக்கிறவளைப்போல.

பிப்ரவரி 13

ஒரு பொட்டு கோதுமை. அதுக்குள்ள இம்புட்டு பெரிய கதவா.

பிப்ரவரி 25

செய்துவிட்டேன்.

பட்டறையில் சொல்லி இரண்டு இரும்புத் தட்டு, ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிற மாதிரி. பச்சரிசி மாவும் கூவைமாவும் வெள்ளத்தில் பாலாகக் கரைத்து, சூடான தட்டில் ஒரு கரண்டி, மேல் தட்டை வைத்து அமுக்கினால் ஒரு சீறல். திறந்தால் தாள்போல வருகிறது. முதலில் கிழிந்தது. பிறகு கருகியது. பிறகு ஒன்று, ஒரே ஒன்று, பூவிதழ் மாதிரி உதிர்ந்து கையில் விழுந்தது. ஜோஸ்னாவின் பட்டன் டப்பா மூடியை வைத்து வட்டமாக வெட்டினேன்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் தெரிகிறது. நாக்கில் வைத்தால் கொஞ்ச நேரம் இருக்கிறது, பிறகு இல்லை. எங்கே போனது என்று தெரியாது.

என் வாழ்நாளில் இத்தனை வெளுத்த, இத்தனை லேசான ஒன்றை நான் சுட்டதில்லை. டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பப்ஸ் ஒரு தட்டு கருகிப்போய் சுந்தரன் முதலாளி கத்தினார்.

மார்ச் 2

பூசைக்குப் பிறகு டப்பாவோடு போனேன். அச்சன் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு, பிஜு."

நான் டப்பாவை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"ஆனா இத நான் கையில எடுத்து என்ன ஜெபம் சொன்னாலும் நன்மை ஆகாது. ஆகும்னு நினைச்சு உனக்க பிள்ளை வாங்குவா. நான் அவள ஏமாத்துனதா ஆகும். என்னால முடியாது."

நான் என்ன சொன்னேன்? ஏதோ சொன்னேன். "உங்க தெய்வத்துக்கு எங்க ஊரு அரிசி பிடிக்காதா" என்று சொன்னேன். நம்ம தெய்வம் என்றுகூட இல்லை, உங்க தெய்வம் என்றேன். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிஞ்சுப் பிள்ளைக்க காரியமில்லியா? ஒரு மாவ மாத்த முடியாதா? எவனோ எழுதி வச்சான், எவனோ பிடிச்சிட்டு இருக்கியான், நடுவுல எனக்க பிள்ளை!

மார்ச் 5

விபூதிப் புதன். ஜோஸ்னாவும் அபியும் நெற்றியில் சாம்பலோடு வந்தார்கள். நான் போகவில்லை.

மார்ச் 18

எங்கள் இருவருக்கும் வாக்குவாதம். வாக்குவாதம் என்ன, அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

இரண்டு ஞாயிறாக நான் பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானங்களில் அந்தத் தட்டை அடுப்பில் ஏற்றி இன்னும் மெலிதாக, இன்னும் வெளுப்பாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஜோஸ்னா வெள்ளைத் துணியைத் தோளில் போட்டபடியே வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இத ஆருக்கு வேண்டி செய்யிய? அவளுக்கு வேண்டியா, உங்களுக்கு வேண்டியா?"

"அவளுக்கு வேண்டித்தான்."

"அவ ஒரு தடவையாவது கேட்டாளா, எனக்கு அரிசி நன்மை வேணும்ணு?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் கேட்டது என்ன மாவு என்று மட்டும்தான்.

"அவளுக்கு என்ன வேணும்ணு நீங்களும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல" என்றாள் ஜோஸ்னா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 30

கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அபி கொய்யா மரத்தில் இருந்தாள். கால் இரண்டும் தொங்க, வாயில் எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து நான் இடித்த உருண்டை. அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம்.

ஏப்ரல் 6

கேட்டிருக்கணும். அண்ணைக்கே கேட்டிருக்கணும்.

நேற்று பள்ளியில் ஒத்திகை. ஆசீர்வதிக்காத வெறும் அப்பத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்துப் பழக்குவார்கள், அன்றைக்குத் துப்பிவிடாமல் இருக்க. செல்லபாய் டீச்சர் அபியை முதலிலேயே தனியே கூப்பிட்டு, நீ சும்மா நாக்க நீட்டுனா போதும் மோளே என்று சொல்லித்தான் இருக்கிறார். அவள் தலையாட்டியிருக்கிறாள். அதன்பிறகு மற்ற வரிசையில், அவளைத் தெரியாத சிஸ்டரிடம் போய் நின்றிருக்கிறாள். வாங்கித் தின்றுவிட்டாள்.

சாயங்காலம் வயிற்றுவலி. ராத்திரி முழுக்க வாந்தி. இப்போது ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறுகிறது. கை இத்தனை சின்னதாக எப்போது ஆனது? ஜோஸ்னா பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் உறங்கவில்லை.

"ஏன் மக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் நாக்க நீட்டுனாவ, அப்பா. நானும் நீட்டுனேன்."

"தின்னக்கூடாதுண்ணு தெரியுமில்லியா?"

"தெரியும்." டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவை எல்லாரையும் போல இருந்து பாக்கலாம்ணு நினைச்சேன்" என்றாள்.

ஏப்ரல் 7

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இரத்தத்தில் பார்த்தால் இது ஒத்திகையில் தின்றதால் மட்டும் வந்ததில்லை, கொஞ்சம் கொஞ்சமாக எங்கிருந்தோ போய்க்கொண்டே இருக்கிறது என்றார். பேக்கரியிலிருந்து வந்ததும் வெளியே குளிக்கிறேன், துணியைத் தனியே துவைக்கிறோம் என்றேன். "தலைமுடி, மூக்கு, பை, செருப்பு, ஸ்கூட்டர் சீட்டு" என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

அந்த சீட்டில்தான் அவள் எங்கள் நடுவில் உட்காருவாள்.

ஏப்ரல் 10

வீட்டுக்கு வந்தாயிற்று. சாயங்காலம் நிஜின் அச்சன் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நேரே அபி கிடந்த கட்டிலுக்குப் போய், தரையில் உட்கார்ந்துகொண்டார். ஜோஸ்னா பாய் எடுத்துவந்தாள். வேண்டாம் என்றார்.

அபி கேட்டாள்: "அச்சோ, நான் தின்னது பாவமா?"

"இல்ல மக்கா. அது வெறும் அப்பம்."

"அப்போ புதுநன்மையும் நான் தின்னா இப்பிடித்தான் வருமா?"

"வரும். அதனாலதான் உனக்கு கிண்ணத்துல. ஆயர்ட்ட கேட்டாச்சு, செரிண்ணு சொல்லியாச்சு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாரும் பாப்பாவ. எனக்கு மட்டும் சூக்கேடுண்ணு சொல்லுவாவ."

 எனக்கு அந்த நேரம் அச்சன்மேல் கோபமே இல்லாமல் போயிற்று. அவருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாதவராகத் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் கட்டிலின் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன்.

"மக்கா," என்றேன், "உனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு."

 வெளியே குயில் ஒன்று விட்டுவிட்டுக் கூப்பிட்டது. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒத்தைக்கு குடிக்க வேண்டாம். ஆராவது கூட குடிக்கணும்."

"நாங்க ரெண்டு பேரும் குடிச்சா?" என்றாள் ஜோஸ்னா. அச்சனைப் பார்த்தாள்.

அச்சன் சிரித்துவிட்டார். "தாராளமா. அதுக்கு ஒரு தடையும் இல்ல. அப்பனும் அம்மையும் பிள்ளையும் ஒரே கிண்ணம்." பிறகு என்னைப் பார்த்து, "அதுக்கு முதல்ல இந்த மனுஷன் பள்ளிக்கு வரணும்" என்றார்.

அபி திரும்பினாள். "அப்பா வருவாவ."

ஏப்ரல் 12

பேக்கரியில் சொல்லிவிட்டேன். சுந்தரன் முதலாளிக்கு நம்ப முடியவில்லை.

"எலே பிஜு, பிள்ளைக்கு சூக்கேடு வந்தா ஆராவது தொழில விடுவானா?"

"சூக்கேடே எனக்க தொழில்தான் முதலாளி."

மல்லுக்கு நின்றார். பிறகு கல்லாவைவிட்டு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவர் கையிலும் மாவு. என் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

காலையில் ரப்பர் வெட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பழகின வேலை. மத்தியானம் அடுப்பு.

ஏப்ரல் 13

பயமாக இருக்கிறது. போர்மா இல்லாத நான் யார்?

ஏப்ரல் 20

ஈஸ்டர். மூவரும் போனோம்.

ஏப்ரல் 27

புதுநன்மை முடிந்து பிள்ளைகளுக்குப் பள்ளி ஹாலில் காப்பி கொடுப்பது வழக்கம். பப்ஸ், கேக், லட்டு. எல்லா வருஷமும் நான்தான் பேக்கரியிலிருந்து ஏற்றி அனுப்புவேன். இந்த வருஷம் எல்லாம் நானே வீட்டில் செய்து தருகிறேன், கோதுமையும் சீனியும் இல்லாமல் என்று செல்லபாய் டீச்சரிடம் கேட்டேன்.

டீச்சருக்குத் தயக்கம். "பிள்ளைய தின்னுமா பிஜு? பப்ஸ் இல்லாம?"

நியாயமான கேள்வி. ஒரு டப்பாவை நீட்டினேன். அரிசியில் செய்த அந்த வெள்ளை வட்டங்கள்தான். இரண்டுக்கு நடுவில் கருப்பட்டியும் வறுத்த முந்திரியும் அரைத்துத் தடவி ஒட்டியிருந்தேன். யோசனை அபியுடையது. கட்டிலில் கிடந்தபோது, "அச்சனுக்கு வேண்டாம்னா நமக்கு தின்னலாமே அப்பா" என்றாள். எத்தனை எளிதாகச் சொன்னாள்! நான் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற மாதிரி வைத்திருந்தேன்.

டீச்சர் கடித்தார். நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று எடுத்தார்.

மே 3

இன்று முழுக்க வீடு ஒரு படகு மாதிரி மிதந்தது.

தெரளி இலையைக் கும்பிளாகச் சுருட்டி, அரிசிமாவும் கருப்பட்டியும் பழமும் பிசைந்து அடைத்து, ஆவியில். இலை வேகிற மணம் வந்ததும் தெருவில் போன குமாரி அக்கா உள்ளே வந்து உட்கார்ந்து, கேட்காமலே இலை சுருட்ட ஆரம்பித்தார். சக்கைப்பழத்தை, பலாவைத்தான், வரட்டி, கூவைமாவில் கிளறி, தட்டில் ஆறவைத்துத் துண்டு போட்டேன். வெயில் பட்டால் தேன் உறைந்ததுபோல உள்ளே வெளிச்சம் நிற்கிறது. ஏத்தம்பழக் கேக் நான்கு பாத்திரம். நான்கும் பொங்கின.

அந்தப் பக்கம் ஜோஸ்னாவின் அறை முழுக்க வெள்ளை ஃபிராக்குகள். கொடியில் தொங்கவிட்டிருந்தாள். காற்று வந்தபோது எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாகத் தாழ்ந்தன, உள்ளே பிள்ளைகள் நிற்பதுபோல. நான் மாவுக் கையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அபி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.  ஜோஸ்னா சொப்பனம் என்று திட்டவில்லை. அவளும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 4

எழுதிவைக்க வேண்டும், மறந்துபோகும் முன்னே.

பிள்ளைகள் வரிசையாக. பாட்டு. அபி கடைசி. நாங்கள் அவளுக்குப் பின்னால். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாங்கித் திரும்பினார்கள். அவள் முறை வந்தபோது அச்சன் பீடத்துக்குத் திரும்பிப்போய், தனியே மூடி வைத்திருந்த சிறு கிண்ணத்தை எடுத்து வந்தார். பள்ளியில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவள் தோள் இறுகுவதைக் கண்டேன். ஜோஸ்னா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போய் நின்றோம்.

அபி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பிறகு ஜோஸ்னா. பிறகு நான்.

நான் என்னவெல்லாமோ எதிர்பார்த்திருந்தேன். தோற்றுவிட்டேன் என்று இருக்கும், அல்லது மன்னித்துவிட்டேன் என்று இருக்கும். ஒன்றும் இல்லை. கிண்ணத்தின் விளிம்பு அவள் பிடித்த இடத்தில் சூடாக இருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. அது போதுமாயிருந்தது.

இருக்கைக்குத் திரும்பியதும் அவள் என் காதில், "கைப்பு அப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்போ நெஞ்சுக்குள்ள சூடு இறங்கியது" என்றாள். அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். என்ன பேசினாளோ, யாரிடமோ, நான் கேட்கவில்லை.

ஹாலில் பப்ஸைத் தேடின பிள்ளைகள் உண்டு. முகம் சுளித்தவர்களும் உண்டு. தெரளியப்பத்தை இலையோடு கடித்து அழுத ஒரு வாண்டும் உண்டு. ஆனால் மேசையில் எதைத் தொடலாம் என்று அபி யாரிடமும் கேட்கவில்லை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போனாள். நான் தட்டுகளை ஏந்திக்கொண்டு நின்றேன். அச்சன் அந்த அரிசி வட்டத்தில் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை. வாயில் போட்டார்.

"கொள்ளாம் பிஜு" என்றார். "இதுக்கு ஒரு ஜெபமும் வேண்டாம்."

இருவரும் சிரித்தோம்.

மே 16

கோட்டுகாலிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் மனைவிக்கும் கோதுமை ஆகாதாம். ஏத்தம்பழக் கேக் கேட்டார். பேசிக்கொண்டே இருந்தார், கேக்கைப் பற்றி இல்லை, மனைவி தின்ன ஆசைப்பட்டு விட்டுவிட்டவற்றைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9

மழை. ரப்பர் வெட்டு இல்லை. அபியின் எடை ஏறியிருக்கிறது. டாக்டர் சிரித்தார்.

ஜூன் 21

அபியின் வகுப்பில் தேவு என்று ஒரு பிள்ளை. வீடு திருப்புறத்தில். இன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள், அபியையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்படிப் போகும்போதெல்லாம் அவளுக்குத் தின்ன தனியே ஒரு டப்பா கட்டிக்கொடுப்போம்.

முந்தாநாள் தேவுவின் அம்மா அஷ்வதி போன் செய்தார். "அண்ணா, டப்பா ஒண்ணும் கொடுத்து விட வேண்டாம். இஞ்ச நான் செய்யியேன். எந்த மாவுண்ணு மட்டும் சொல்லுங்க."

நானே ஒரு கேக் செய்து அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணா. அவ எனக்க வீட்டுக்கு வாறா. நான் செஞ்சது தின்னட்டு."

சொன்னேன். எந்த அரிசி, எத்தனை நேரம் நனைய வேண்டும், பாத்திரத்தைப் புதிதாகக் கழுவ வேண்டும், கோதுமை பட்ட கரண்டி கூடாது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டார். நடுவில் அடுக்களையில் எதையோ போட்டு உடைத்த சத்தம் கேட்டது.

இன்று மத்தியானம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சாயங்காலம் அபி வந்தாள். வயிறு வலிக்கவில்லை. முதலில் அதைத்தான் கேட்டேன். பிறகு எனக்காகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த துண்டைக் கையில் வைத்தாள்.

"நடுவுல குழிஞ்சு போச்சு அப்பா. தேவுக்க அம்மை தேங்காப்பூவ அள்ளி குழிய மூடிட்டாவ. ஆரும் கண்டுபிடிக்கல்ல. நான் கண்டுபிடிச்சேன். சொல்லல்ல."

பிரித்துத் தின்றேன். நடுவில் வேகவில்லை. கருப்பட்டி கரையாமல் கட்டியாகக் கிடந்தது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பக்கத்தில் நின்ற ஜோஸ்னாவுக்கும் ஒரு விள்ளல் கொடுத்தேன். அவள் மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் உண்டா?" என்று அபியிடம் கேட்டேன்.

"இல்ல அப்பா. எல்லாரும் தின்னு தீத்தாச்சு."